இரண்டு புள்ளியில் தோற்ற கார்: ஆடி குவாட்ரோவும் நான்கு சக்கர இயக்கமும்

சாலைகளிலும் காட்டுப்பாதைகளிலும் நேரத்தோடு போட்டியிடும் கார்ப் பந்தயத் தொடரான உலக ராலி சாம்பியன்ஷிப் 1983இல் முடிந்தபோது தயாரிப்பாளர் பட்டியலில் லான்சியாவுக்கு 118 புள்ளி, ஆடிக்கு 116. லான்சியா 037 பின்சக்கரங்களால் மட்டும் ஓடிய கார். ஆடி குவாட்ரோவில் எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போனது. அந்த ஆண்டின் ஓட்டுநர் பட்டம் ஆடியின் ஹன்னு மிக்கோலாவுக்குக் கிடைத்தது என்பதால், அந்தக் கார் வேகத்தில் குறைந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பனியிலும் சரளையிலும் அது எதிராளிகளைத் திகைக்க வைத்த கார். ஆனாலும் தோற்றது.

ஆல்-வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கர இயக்கம், ஒரு காருக்கு உண்மையில் என்ன தருகிறது என்பதை அறிய, இந்தத் தோல்வியைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. விற்பனைத் துண்டறிக்கைகள் "அதிகப் பிடிப்பு, அதிகப் பாதுகாப்பு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. குவாட்ரோவின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது தெரியும்.

பனியில் ஓடிய ராணுவ வண்டி

1976–77 குளிர்காலத்தில் ஆடியின் பொறியாளர்கள் பின்லாந்துப் பனியில் தங்கள் முன்சக்கர இயக்கக் கார்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உடன் ஒரு ஃபோக்ஸ்வாகன் இல்டிஸும் இருந்தது. ஜெர்மன் ராணுவத்துக்காக உருவான, உயரமான, கட்டைகுட்டையான வண்டி அது. எஞ்சின் வெறும் 75 குதிரைத்திறன். ஆனால் பனி மூடிய சாலையில், தன்னைவிடப் பல மடங்கு நாசூக்கான, திறன் கூடிய கார்களை அது பின்னால் தள்ளியது. சேசிஸ் (காரின் அடிச்சட்ட அமைப்பு) சோதனைக்குப் பொறுப்பாக இருந்த யோர்க் பென்சிங்கர் இதைக் கவனித்தார். நான்கு சக்கர இயக்கத்தை ராணுவ வண்டியிலிருந்து எடுத்து, திறன் மிக்க சாலைக் காரில் வைத்தால் என்ன என்ற யோசனையுடன் தொழில்நுட்பத் தலைவர் ஃபெர்டினான்ட் பியெக்கிடம் போனார். 1977இல் ஆடி 80இன் உடலை வைத்து ஒரு சோதனைக் கார் உருவானது. அதற்கு ஏ1 என்று பெயர் வைத்தார்கள்.

1978 ஜனவரியில் ஆஸ்திரியாவின் டுராஹர் ஹோஹே கணவாய்க்கு அதைக் கொண்டு போனார்கள். சாலையின் செங்குத்தான பகுதியில் சரிவு 23 சதவீதம். ஆடியின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் நிர்வாகிகளை நம்பவைக்க வேண்டிய சோதனை அது. கார் சாதாரணக் கோடைக்கால டயர்களுடன் பனிச்சாலையில் ஏறிப்போனது.

இந்த ஏற்றத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் நான்கு சக்கர இயக்கத்தின் முதல் பயன் முழுவதும் இதற்குள் இருக்கிறது. 23 சதவீதச் சரிவில் நான்கு டயர்களும் இழுத்தால், டயருக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் (டயர் தன் மேல் விழும் எடையில் எத்தனை பங்கு விசையை வழுக்காமல் தாங்கும் என்ற அளவு) 0.23 இருந்தாலே கார் ஏறிவிடும். அதே காரை முன்சக்கரங்கள் மட்டும் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மட்டமான தரையில் எடையில் 60 சதவீதம் முன்னால் இருக்கிறது என்போம். ஏற்றத்தில் எடை பின்னுக்குச் சாயும், முன்னால் 55 சதவீதம்தான் மிஞ்சும். இப்போது அந்த இரண்டு டயர்களுக்கும் 0.42 தேவைப்படும். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் கார் என்றால், அதே எடைப்பகிர்வில் 0.5க்கு மேல். அழுந்திய பனியில் பொதுவாகக் கிடைப்பது 0.2இலிருந்து 0.3 வரை. ஆக, அந்தச் சாலையில் இரண்டு சக்கர இயக்கக் கார்கள் டயரில் சங்கிலி கட்டாமல் ஏற முடியாது. நான்கு சக்கர இயக்கக் கார் எல்லையைத் தொட்டபடி ஏறிவிடும். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்ற கேள்வியே இங்கே எழவில்லை. 75 குதிரைத்திறன் இல்டிஸ் முந்தியதற்கும் இதுதான் காரணம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் 0.8, 0.9 என்று போகும். 1,300 கிலோ எடையும் 100 குதிரைத்திறனும் உள்ள கார், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தரக்கூடிய அதிகபட்ச இழுவை அதன் எடையில் ஏறக்குறைய 0.4 பங்கு. முன்சக்கரங்கள் இரண்டும் அதைச் சுளுவாகத் தாங்கிவிடும். அப்படிப்பட்ட காரில், அப்படிப்பட்ட சாலையில், நான்கு சக்கர இயக்கம் வெறும் கூடுதல் எடையும் கூடுதல் எரிபொருள் செலவும்தான். டயர் தாங்கக்கூடியதைவிட எஞ்சின் அதிகமாகக் கேட்கும்போதுதான் அது வேலைக்கு வருகிறது. டயர் தாங்கக்கூடியது குறைவதால் அப்படி ஆகலாம், பனியிலும் சேற்றிலும் நடப்பது போல. அல்லது எஞ்சின் கேட்பது கூடுவதால் ஆகலாம், 200 குதிரைத்திறன் டர்போவில் நடப்பது போல. குவாட்ரோவில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

வியன்னா தெருவில் குதித்த கார்

ஏ1 காரில் ஒரு குறை இருந்தது. முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தன, நடுவில் டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கர அமைப்பு) இல்லை. பனியில் யாருக்கும் இது தெரியவில்லை. ஃபோக்ஸ்வாகனின் ஆராய்ச்சித் தலைவர் எர்ன்ஸ்ட் ஃபியாலாவின் மனைவி அந்தக் காரை வியன்னா நகருக்குள் ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இறுக்கமான திருப்பங்களில் கார் துள்ளுகிறது என்றார் அவர். பொறியாளர்களின் பனிச் சோதனைகள் காட்டாததை நகரத் தெரு காட்டிக்கொடுத்தது.

காரணம் வடிவியல். கார் திரும்பும்போது முன்சக்கரங்கள் வெளிவட்டத்திலும் பின்சக்கரங்கள் உள்வட்டத்திலும் போகின்றன. சக்கர இடைத்தூரம், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம், 2.5 மீட்டர், முன் அச்சின் நடுப்புள்ளி 5.5 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்றால், பின் அச்சின் நடுப்புள்ளி 4.9 மீட்டர் ஆரத்தில் திரும்பும். முன் அச்சு ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். இரண்டு அச்சுகளையும் ஒரே வேகத்தில் சுற்ற வைத்தால் அந்த வித்தியாசம் எங்காவது தீர வேண்டும். பனியில் டயர் சற்றே வழுக்கித் தீர்த்துக்கொள்கிறது. உலர்ந்த தாரில் டயர் வழுக்க மறுக்கும். தண்டுகளில் முறுக்கு ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் டயர் துள்ளி அதை விடுவிக்கும்.

இதைத் தீர்க்க முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே மூன்றாவது டிஃபரன்ஷியல் வேண்டும். வழக்கமான வழி, கியர்பாக்ஸுக்கு அருகே விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டியைத் தனியாக வைத்து, அங்கிருந்து பக்கத்துக்கு ஒரு தண்டு எடுப்பது. லாரிக்கும் ஜீப்புக்கும் அது சரி. தாழ்வான சாலைக் காருக்கு எடையும் அதிகம், சத்தமும் அதிகம், இடமும் இல்லை.

கியர்பாக்ஸ் வடிவமைப்பாளர் ஃபிரான்ஸ் டெங்லரின் குழு கண்ட வழிதான் குவாட்ரோவின் உயிர் என்பேன். கியர்பாக்ஸின் இரண்டாம் தண்டை உள்ளே துளையுள்ளதாக, 263 மில்லிமீட்டர் நீளத்தில் செய்தார்கள். விசை அந்தத் தண்டின் வழியாகப் பின்னோக்கிப் போய், அதன் முனையில் உள்ள நடு டிஃபரன்ஷியலைச் சுற்றும். அங்கே இரண்டாகப் பிரியும். ஒரு பாதி புரொப்பெல்லர் தண்டு வழியாகப் பின் அச்சுக்குப் போகும். மறு பாதி, அதே துளைத் தண்டுக்கு உள்ளே சுற்றும் இன்னொரு தண்டின் வழியாகத் திரும்பி முன்னோக்கி வந்து முன் அச்சைச் சேரும். டிரான்ஸ்ஃபர் கேஸ் தேவையில்லை, பக்கத் தண்டும் தேவையில்லை. நான்கு சக்கர இயக்கத்தைச் சாலைக் காருக்குள் மடித்து வைத்தது இந்த ஒரு குழாய்தான்.

1980 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் குவாட்ரோ வெளியானது. ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சின், 200 குதிரைத்திறன். நான்கு சக்கர இயக்கம் பெற்ற முதல் சாலைக் கார் இது இல்லை. பிரிட்டனின் ஜென்சன் எஃப்எஃப் 1966லேயே வந்துவிட்டது, மொத்தம் 320 கார்கள்தான் செய்தார்கள். ஜப்பானின் சுபாரு 1972இல் லியோனி எஸ்டேட்டில் அதைக் கொடுத்தது. ஆனால் வேகமான காரில், எல்லா நேரமும் இயங்கும் விதமாக, தொழிற்சாலையில் தொடர்ந்து உற்பத்தி செய்யக்கூடிய எளிமையுடன் அமைத்தது ஆடிதான். 1991 வரை 11,452 குவாட்ரோக்கள் வெளிவந்தன.

வளைவில் டயர் போடும் கணக்கு

ஏற்றத்தில் கிடைக்கும் பயனை யாரும் எளிதில் புரிந்துகொள்வார்கள். வளைவில் என்ன நடக்கிறது என்பதில்தான் குழப்பம்.

ஒரு டயருக்கு ஒரு நேரத்தில் இவ்வளவுதான் பிடிப்பு என்று ஒரு எல்லை உண்டு. முன்னோக்கி இழுப்பது, நிறுத்துவது, பக்கவாட்டில் தாங்குவது எல்லாம் அந்த ஒரே எல்லைக்குள் நடக்க வேண்டும். வரைந்தால் அது ஏறக்குறைய ஒரு வட்டம். ஜெர்மானியப் பொறியாளர் வுனிபால்ட் காமின் பெயரால் அதைக் காம் வட்டம் என்கிறார்கள். முன்சக்கர இயக்கக் கார் ஒன்று வளைவிலிருந்து வெளியே வரும்போது, முன் டயர்கள் தங்கள் பிடிப்பில் 60 சதவீதத்தை இழுவைக்கே செலவிடுகின்றன என்போம். வட்டத்தின் கணக்குப்படி பக்கவாட்டுக்கு மிஞ்சுவது 80 சதவீதம். அதே இழுவையை நான்கு சக்கரங்களும் பகிர்ந்துகொண்டால், டயருக்குச் சுமாராக 30 சதவீதம்தான் செலவாகும். பக்கவாட்டுக்கு 95 சதவீதம் மிஞ்சும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் அதற்குக் கீழ்ப்படிய இவ்வளவு கூடுதல் இருப்பு கிடைக்கிறது. பின்சக்கர இயக்கத்தில் இதே கணக்கு பின் டயர்களில் நடக்கும். அங்கே பிடிப்பு தீர்ந்தால் கார் வெளியே நழுவாது, பின்பக்கம் சுழன்றுவிடும்.

ஆக, ஆக்ஸிலரேட்டரில் கால் இருக்கும்வரை நான்கு சக்கர இயக்கம் வளைவிலும் உதவுகிறது. வளைவிலிருந்து சீக்கிரமாக, தைரியமாக எஞ்சினைத் திறக்க முடிகிறது. ஈரச் சாலையில் ஒரு சக்கரம் குட்டையில் இறங்கினாலும் மற்ற மூன்றும் சுமையைத் தாங்குகின்றன.

கால் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இந்தக் கணக்கு முடிந்துபோகிறது. மொத்தப் பிடிப்பு நான்கு டயர்களின் ரப்பரிலும் அவற்றின் மேல் விழும் எடையிலும் இருக்கிறது. எஞ்சின் எத்தனை சக்கரங்களைச் சுற்றுகிறது என்பதால் அது ஒரு துளியும் கூடாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், உராய்வுக் குணகம் 0.25 உள்ள பனியில் நிற்க 57 மீட்டர் எடுக்கும். இரண்டு சக்கர இயக்கக் காருக்கும் நான்கு சக்கர இயக்கக் காருக்கும் ஒரே 57 மீட்டர்தான். வளைவுக்குள் நுழையும் அதிகபட்ச வேகமும் அப்படியே. ஏறுவதிலும் கிளம்புவதிலும் கார் காட்டும் உறுதி, "சாலை நன்றாகத்தான் இருக்கிறது" என்ற எண்ணத்தை ஓட்டுநருக்குள் விதைத்துவிடுகிறது. முன்சக்கர இயக்கக் கார் கிளம்பும்போதே வழுக்கி எச்சரித்திருக்கும். நான்கு சக்கர இயக்கக் கார் அந்த எச்சரிக்கையைத் தராமலே 80க்குப் போய்விடும். நிறுத்தும்போதுதான் பனி தன்னைக் காட்டும். இந்தத் தொழில்நுட்பத்தை நேசிக்கும் எவரும் இதை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

1983: எங்கே வென்றது, எங்கே தோற்றது

ராலியில் குவாட்ரோவின் வருகை பெரும் அதிர்ச்சி. 1980 அக்டோபரில் போர்ச்சுகலின் அல்கார்வ் ராலியில் அது போட்டியில் சேராமல், முன்னோடிக் காராக ஓடியது. மிக்கோலாவின் நேரம் வெற்றியாளரின் நேரத்தைவிட இருபது நிமிடத்துக்கும் மேல் குறைவு. 1981 ஜனவரி மான்டே கார்லோவில் பனியில் எல்லோரையும் பின்னால் விட்டு முன்னே போனார், பிறகு மோதியதால் வெற்றி கைநழுவியது. அடுத்த மாதம் ஸ்வீடனில் வென்றார். அதே ஆண்டு சான்ரெமோவில் மிஷேல் மூத்தோன் வென்றபோது, உலக ராலிச் சுற்று ஒன்றை வென்ற முதல் பெண் ஆனார். 1982இல் அவரே போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் மூன்றையும் வென்றார், தயாரிப்பாளர் பட்டம் ஆடிக்கு வந்தது.

பிறகு 1983. மான்டே கார்லோவில் அந்த ஆண்டு சாலைகள் பெரும்பாலும் உலர்ந்து கிடந்தன. லான்சியாவின் வால்டர் ரோர்லும் மார்க்கு அலேனும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். ஸ்டிக் புளூம்க்விஸ்டும் மிக்கோலாவும் குவாட்ரோக்களில் மூன்றாவது, நான்காவது. அடுத்த சுற்று ஸ்வீடன், முழுக்கப் பனி: ஆடிக்கே முதல் இரண்டு இடமும். கோர்சிகாவின் வளைந்து வளைந்து போகும் தார்ச்சாலையில் அலேன் வென்றார். சான்ரெமோவிலும் அவரே. பின்லாந்தின் சரளைக் காட்டுப்பாதையிலும், போர்ச்சுகலிலும், அர்ஜென்டினாவிலும் மிக்கோலா. பிரிட்டனின் ஆர்ஏசி ராலியில் புளூம்க்விஸ்ட்.

பார்த்தால் வரைந்து வைத்த கோடு போல இருக்கிறது: தார் லான்சியாவுக்கு, சரளையும் பனியும் ஆடிக்கு. ஆனால் உண்மை அவ்வளவு நேராக இல்லை. கிரீஸும் நியூசிலாந்தும் சரளைதான், இரண்டிலும் ரோர்ல் லான்சியாவில் வென்றார். குவாட்ரோவின் சிக்கலான இயந்திர அமைப்பு அந்தப் பருவத்தில் பலமுறை கைவிட்டது. லான்சியா எளிமையான, எடை குறைந்த, விரைவில் பழுதுபார்க்கக்கூடிய கார். தண்டுகளும் டிஃபரன்ஷியல்களும் கூடும்போது உடையக்கூடிய இடங்களும் கூடுகின்றன. பிடிப்பில் கிடைத்த நிமிடங்களைப் பணிமனையில் தொலைத்தால் பட்டியலில் இரண்டு புள்ளி குறையத்தான் செய்யும்.

தாரில் தோற்றதற்கு வேறு காரணம், அதுதான் இந்த ஆய்வின் மையம். குவாட்ரோவின் ஐந்து சிலிண்டர் எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தது. வளைவுக்குள் நுழையும்போது அந்தக் கனம் நேராகப் போகவே விரும்பும். மூக்கு வெளியே தள்ளும், அதாவது அண்டர்ஸ்டியர். நடு டிஃபரன்ஷியலைப் பூட்டினால் இழுவை கூடும், ஆனால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டியிருப்பதால் கார் திரும்ப இன்னும் முரண்டு பிடிக்கும். லான்சியா 037இல் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால், நடுவில் இருந்தது. டயர்கள் தாராளமாகப் பிடிக்கும் உலர்ந்த தாரில், பின்சக்கரங்கள் இரண்டுமே அதன் எஞ்சினைத் தாங்கின. நான்கு சக்கர இயக்கத்துக்கு அங்கே வேலை குறைவு, அதன் எடைக்கு மட்டும் விலை உண்டு.

ஓட்டுநர்கள் இதற்கொரு மருந்து வைத்திருந்தார்கள். வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்காமலே இடது காலால் பிரேக்கை அழுத்துவது. எடை முன்னுக்குச் சாய்ந்து முன் டயர்கள் கடிக்கும், பின்பக்கம் இலேசாகி வெளியே வீசும், மூக்கு வளைவுக்குள் திரும்பும். எஞ்சின் தணியாததால் டர்போவும் விழித்திருக்கும். மிக்கோலாவும், முன்சக்கர இயக்க சாப் கார்களில் வளர்ந்த புளூம்க்விஸ்டும் இதில் கைதேர்ந்தவர்கள். 1984இல் ஆடிக்கு மாறிய ரோர்லும் இந்த முறைக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டு, பனி பெய்த அந்த ஆண்டு மான்டே கார்லோவை வென்றார். முதல் மூன்று இடமும் ஆடிக்கு. அந்த ஆண்டு புளூம்க்விஸ்ட் ஓட்டுநர் பட்டம், ஆடி தயாரிப்பாளர் பட்டம். பிடிப்பைத் தருவது இயந்திரம், திரும்பச் செய்வது ஓட்டுநரின் கால் என்ற நிலையிலேயே ஆடி வென்றது.

காரைத் திருத்தும் முயற்சியும் நடந்தது. சக்கர இடைத்தூரத்தை 320 மில்லிமீட்டர் குறைத்து ஸ்போர்ட் குவாட்ரோவைச் செய்தார்கள். கார் சட்டென்று திரும்பியது, ஆனால் எஞ்சின் அதே இடத்தில் இருந்ததால் நிலைகொள்ளாமல் தவித்தது. சரியான விடையை எழுதியது பெஜோ. 205 டர்போ 16இல் எஞ்சினை லான்சியா போல நடுவில் வைத்து, ஆடி போல நான்கு சக்கரங்களையும் சுற்ற வைத்தார்கள். 1984 பின்லாந்தில் ஆரி வாட்டனென் அதில் முதல் வெற்றியைப் பெற்றார். 1985, 1986 இரு ஆண்டும் பெஜோவே சாம்பியன். 1985இல் ஆடிக்கு மிஞ்சியது சான்ரெமோவில் ரோர்ல் பெற்ற ஒரே வெற்றி. 1986இல் போர்ச்சுகலில் பார்வையாளர்கள் இறந்த விபத்துக்குப் பிறகு ஆடி உலக ராலியிலிருந்து விலகியது.

037க்குப் பின் இரண்டு சக்கர இயக்கக் கார் எதுவும் தயாரிப்பாளர் பட்டத்தை வெல்லவில்லை. ஆடியை வீழ்த்திய லான்சியாவே நான்கு சக்கர இயக்க டெல்டாவுக்கு மாறி, 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு பட்டங்களை எடுத்தது.

பூட்டாமலே பூட்டும் கியர்

முதல் குவாட்ரோவில் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டுவதா வேண்டாமா என்பதை ஓட்டுநரே ஒரு கைப்பிடியை இழுத்து முடிவு செய்ய வேண்டும். பூட்டாவிட்டால், ஒரு சக்கரம் பனிக்கட்டியில் சுழலும்போது மொத்த விசையும் அங்கே வீணாகும். பூட்டினால் திருப்பம் கெடும், சக்கரங்கள் தனித்தனியாகச் சுழல முடியாததால் ஏபிஎஸ்ஸும் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சரியாக வேலை செய்யாது. 1980களின் பிற்பகுதியில் ஆடி இதற்கு டோர்சன் டிஃபரன்ஷியலைக் கொண்டுவந்தது. அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மனின் கண்டுபிடிப்பு அது. அதில் உள்ள திருகு போன்ற புழுப்பற்சக்கரம் அடுத்த பற்சக்கரத்தை எளிதாகச் சுற்றும், அந்தப் பற்சக்கரம் புழுவைச் சுற்ற முயன்றால் முரண்டும். அந்தக் குணத்தைப் பயன்படுத்தி, நழுவத் தொடங்கும் அச்சிலிருந்து பிடிப்புள்ள அச்சுக்கு முறுக்குவிசையைத் தானாகவே தள்ளும். தேவைப்பட்டால் நான்கில் மூன்று பங்கு வரை. பிரேக் பிடிக்கும்போது தளர்ந்துவிடுவதால் ஏபிஎஸ்ஸுக்கும் இடைஞ்சல் இல்லை. ஒரு அச்சு முழுவதும் பிடிப்பை இழந்தால் மட்டும் இது கைவிரிக்கும், இருப்பதைப் பெருக்கித் தருவதுதான் அதன் வேலை, சுழியத்தைப் பெருக்க முடியாது.

பந்தயத் தடத்தில் கிடைத்த சாட்சியம் இரண்டு விதம். 1969இல் லோட்டஸ், மெக்லாரன், மாட்ரா மூன்றும் ஃபார்முலா ஒன்றில் நான்கு சக்கர இயக்கத்தை முயன்று தோற்றன. கூடுதல் எடை, திரும்ப மறுக்கும் மூக்கு, அதோடு அந்தக் காலத்தில்தான் இறக்கைகளும் அகன்ற டயர்களும் பின்சக்கரங்களுக்குத் தேவையான பிடிப்பைத் தந்துவிட்டன. ஈரத் தடத்தில் 1961இல் ஓல்டன் பார்க்கில் ஸ்டர்லிங் மாஸ் வென்ற ஃபெர்குசன் பி99 மட்டுமே இந்த வகையில் ஃபார்முலா ஒன்று பந்தயம் வென்ற கார். மாறாக, 1988இல் அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் தொடரில் ஆடி 200 குவாட்ரோ 13 பந்தயங்களில் 8ஐ வென்றது. அதன்பின் நான்கு சக்கர இயக்கத்துக்கே அங்கே தடை வந்தது. 1996இல் பிரிட்டிஷ் டூரிங் கார் பட்டத்தை ஃபிராங்க் பீலா ஏ4 குவாட்ரோவில் எடுத்தார். அங்கேயும் முதலில் எடைத் தண்டனை, பிறகு தடை. டயருக்கும் சாலைக் காரின் உடலுக்கும் விதிகள் எல்லை கட்டிய இடங்களில் நான்கு சக்கர இயக்கம் வென்றது. பிடிப்பை வேறு வழியில் வாங்க முடிந்த இடங்களில் தோற்றது.

இன்றைய கார் வாங்குபவருக்கு

குவாட்ரோவின் வழி இன்று எல்லாக் கார்களிலும் இல்லை. எஞ்சின் குறுக்கே அமர்ந்த சிறு எஸ்யூவிக்களில் முன்சக்கரங்களே பெரும்பாலும் இழுக்கும், கணினி கட்டுப்படுத்தும் கிளட்ச் ஒன்று தேவை வந்தால் பின் அச்சைச் சேர்த்துக்கொள்ளும். 1998இல் வந்த ஆடி டிடியே குவாட்ரோ என்ற பெயரில் இந்த வகை ஹால்டெக்ஸ் கிளட்சைத்தான் சுமந்தது. முத்திரை ஒன்று, உள்ளே இருப்பது வேறு. மின்சாரக் கார்களில் முன்னுக்கு ஒரு மோட்டார், பின்னுக்கு ஒரு மோட்டார் என்று வைத்துவிட்டால் நடுத்தண்டே வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையே விசையைப் பங்கிடுவது மென்பொருளின் வேலையாகிவிடுகிறது, எந்தக் கிளட்சையும்விட வேகமாக.

நம் ஊரில் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்றவை பகுதிநேர ஃபோர்-பை-ஃபோர் வண்டிகள். நடு டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றிலும் மணலிலும் அவை அற்புதம். உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தைப் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திருப்பினால், 1978இல் வியன்னாவில் துள்ளிய அதே துள்ளல் வரும், கியர்களும் தேயும். மலைப்பாதையில் மழை பெய்கிறதே என்று அதைப் போட்டுவிட்டு, மழை நின்றபின் எடுக்க மறப்பவர்கள் உண்டு. எக்ஸ்யூவி700 போன்றவற்றின் ஆல்-வீல் டிரைவ் வேறு வகை, அது சாலைக்கானது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஆபத்து இறக்கத்தில், பிரேக் சூடேறித் தளர்வதில் இருக்கிறது. எந்த ஆல்-வீல் டிரைவும் அந்த பிரேக்கைக் குளிர்விக்காது. இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினை வைத்துத் தடுத்து இறங்குவதுதான் வழி, அது எட்டு லட்ச ரூபாய் ஹேட்ச்பேக்குக்கும் ஒன்றுதான், எண்பது லட்ச ரூபாய் எஸ்யூவிக்கும் ஒன்றுதான். ஏறும்போதும், ஈரத்தில் கிளம்பும்போதும், நனைந்த வளைவிலிருந்து வெளியே வரும்போதும் நான்கு சக்கர இயக்கம் தன் மதிப்பைக் காட்டும்.

வாங்கிய பிறகு ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். முன்னிரண்டு டயர் புதிதும் பின்னிரண்டு தேய்ந்ததுமாக ஓடினால் சுற்றளவு வேறுபடும். நேர்ச்சாலையில்கூட நடு டிஃபரன்ஷியலும் கிளட்சும் ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொண்டே இருக்கும், சூடேறித் தேயும். நான்கும் ஒரே அளவு, ஒரே தயாரிப்பு, தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி, குறித்த இடைவெளியில் இடம் மாற்றிப் போடுவது அவசியம்; மாற்றும் நேரம் வந்தால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.